குண்டு வைச்ச கையால கலம் வளர்த்த மனுசன்

பெரியம்மாட மகன், நாங்க பெரியண்ணா எண்டு சொல்லுறவர், டென்மார்க்குக்குப் போய் முப்பது வருசத்துக்கு மேல. ஹேர்னிங்கில இருக்கிறார். போன புதுசில ஒரு மே 4ஆம் திகதி இரவு வேலை முடிஞ்சு நடந்து வரேக்க, ரோட்டில ஒவ்வொரு வீட்டு யன்னலிலயும் மெழுகுதிரி எரியுதாம். அண்ணா நினைச்சது இவங்களுக்கும் கார்த்திகை விளக்கீடு இருக்குப்போல, மாசம் தான் மாறிப்போச்சு எண்டு. அடுத்த நாள் பக்கத்து வீட்டுக் கிழவி தான் விளங்கப்படுத்தினதாம். 1945 மே 4 இரவு பிபிசிட டெனிஷ் செய்தியில ஜேர்மன்காரன் சரணடைஞ்சிற்றான் எண்டு வாசிச்ச உடன, சனம் அஞ்சு வருசமா யன்னலை மூடி வைச்சிருந்த கறுப்புத் திரையைப் பிய்ச்செறிஞ்சு போட்டு மெழுகுதிரி கொழுத்தி வைச்சதாம், அதில இருந்து வருசா வருசம் வைக்கிறாங்களாம்.

இந்தக் கதையை அண்ணா எங்களுக்கு நூறு தரம் சொல்லியிருப்பார். போன மாசம் வேலை விசயமா வார்டே எண்ட ஊருக்குப் போனவர் (ஹேர்னிங்கில இருந்து காரில ஒரு மணித்தியாலமாம்), அங்க போர்க்காலத்தில ஒரு உருக்கு ஆலையை மெடிக்கல் படிக்கிற பெடியனும் சேர்ந்து குண்டு வைச்சு உடைச்ச கதை ஆரோ சொல்லியிருக்கினம், அந்தப் பெடியன் பிறகு கான்சர் ஆராய்ச்சி செய்யிற விஞ்ஞானியா வந்தவன் எண்டும் சொல்லியிருக்கினம். உடன எனக்கு வொய்ஸ் மெசேஜ். "பிள்ள, உன்ட லப் ஆள் ஒருத்தன் இருக்கிறான், தேடிப் பார்". நான் ஆஸ்பத்திரி லப்பில வேலை செய்யிறபடியா உலகத்தில நுணுக்குக்காட்டி பிடிச்ச ஆக்கள் எல்லாரும் அண்ணாக்கு என்ட சொந்தக்காரர் தான்.

தேடினேன். மூண்டு கிழமையா இரவில வேற ஒண்டும் வாசிக்கேல்ல.

ஆளின்ட பேர் யோர்கன் கீலர். பிறந்தது 1919, ஹோர்சென்ஸ் எண்ட ஊர், அப்பா டொக்டர். ஆளும் மருத்துவம் படிக்கக் கொப்பன்ஹேகன் போறார். 1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மன்காரன் டென்மார்க்குக்குள்ள வாறான், சண்டை தொடங்கிச் சில மணித்தியாலத்திலயே அரசாங்கம் கையைத் தூக்குது.

ஏப்ரல் 9 எண்டதை வாசிச்ச உடன நான் போனைக் கீழ வைச்சிற்றன். திருகோணமலை ஆக்களுக்கு அந்தத் திகதியைச் சொல்லத் தேவையில்ல. சரியா ரெண்டு வருசம் கழிச்சு, 1942 ஏப்ரல் 9 காலமை தான் ஜப்பான்காரன் எங்கட துறைமுகத்துக்கு மேல வந்து குண்டு போட்டது. அண்டைக்கே மட்டக்களப்புக் கடலில இங்கிலாந்தின்ட ஹேர்ம்ஸ் எண்ட விமானந்தாங்கிக் கப்பலையும் தாட்டான். எங்கட அம்மப்பா அப்ப டொக்யார்ட்டில எடுபிடி வேலை, பதினாறோ பதினேழோ வயசு. சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு தம்பலகாமம் பக்கம் ஓடின ஓட்டத்தைச் சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டு இருந்தவர். ஒரு கையில செருப்பு, மற்றக் கையில காலமைக்குக் கட்டிக் குடுத்த புட்டுப் பொட்டலம், ரெண்டையும் விடேல்லயாம். திரும்பிப் பார்த்தா சீனக்குடாப் பக்கம் வானம் முழுக்கக் கரும்புகை, எண்ணெய்த் தாங்கி எரியுது, அது நாள்கணக்கா எரிஞ்சது. காட்டுக்குள்ள மரத்துக்கு நடுவில, மேல இருந்து பார்த்தாத் தெரியாத மாதிரி கட்டின தாங்கி நூறுக்கு மேல, அதில 99 இப்பவும் நிக்குது. எங்கட ஆக்களுக்கு அந்த யுத்தம் அப்பிடித்தான், வேற ஆரோட சண்டை எங்கட தலைக்கு மேலால போனது. உப்புவெளியில நிலாவெளி ரோட்டுப் பக்கம் இருக்கிற வெள்ளைக்காரன்ட யுத்த மயானத்தைத் தாண்டித்தான் நான் பஸ்ஸில போய்வாறது, அங்க புல்லு வெட்டியிருக்கிற வடிவைப் பார்த்தா ஊரில உயிரோட இருக்கிற ஆக்களுக்கு ஆரும் அப்பிடிச் செய்யேல்ல எண்டு தோணும். சரி அது வேற கதை.

கீலருக்கு வருவம்.

முதல் ரெண்டு மூண்டு வருசம் டென்மார்க்கில பெரிசா ஒண்டும் இல்ல. அரசாங்கம் ஜேர்மன்காரனோட ஒத்துழைச்சுப் போச்சுது, பாராளுமன்றம் நடந்தது, அரசர் குதிரையில போனார். 1942 செப்டெம்பரில பிரதமர் வில்ஹெல்ம் பூல் ரேடியோவில வந்து, நாசவேலை செய்யிற ஆக்களைத் தெரிஞ்சா பொலிசுக்குச் சொல்லுங்க எண்டு சொந்தச் சனத்துக்கே சொல்லியிருக்கிறார். இதை நான் ரெண்டு தரம் வாசிச்சன். இண்டைக்கு வீதிக்குப் பேர் வைச்சுக் கொண்டாடுற ஆக்களை அண்டைக்குச் சொந்த நாட்டுப் பொலிசு தான் பிடிச்சது. பிறகு பார்க்கிற ஆளுக்கு எல்லாம் ஏதோ முதல்லயே முடிவாகின மாதிரித் தெரியும், நடக்கேக்க அப்பிடி ஒண்டும் இருக்கிறேல்ல.

அந்த நேரம் கீலரும் சகோதரங்களும், எல்செபெத், பென்ட, பிளெமிங் எண்டு, கொப்பன்ஹேகனில ஒரு ஃபிளாட்டில சேர்ந்து இருந்தவங்க. அங்க வைச்சு ‘ஃப்ரிட் டென்மார்க்’ எண்ட களவுப் பத்திரிகையைப் பிரதி எடுத்து மாணவர்மாருக்குள்ள விட்டவங்க. ரோணியோ மெசின் வேலை எண்டா அனுபவிச்ச ஆக்களுக்குத் தான் தெரியும், ஸ்டென்சில் கிழிஞ்சா முழுக்கத் திருப்பி அடிக்க வேணும், மை விரலில இருந்து மூண்டு நாளைக்குப் போகாது, சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். எங்கட ஊரிலயும் ஒரு காலம் ரோணியோ மை விரலோட திரிஞ்ச பெடியள் இருந்தாங்க. அம்மா ஒருநாள் வாய் தவறிச் சொன்னது, பிறகு எத்தின தரம் கேட்டும் அந்தப் பேச்சை எடுக்கேல்ல.

1943 ஒகஸ்ட் 29 டென்மார்க் அரசாங்கத்தால இனி ஏலாது எண்டு விலகுது, இராணுவச் சட்டம் வருது. செப்டெம்பர் கடைசியில ஜேர்மன் தூதரகத்தில கப்பல் விசயம் பார்த்த டுக்விட்ஸ் எண்ட அதிகாரி (ஜேர்மன்காரன் தான்!) யூதர்களைப் பிடிக்கப் போறாங்க எண்டு முன்கூட்டியே சொல்லிப்போட்டார். அது வாயால வாய் பரவி, சில கிழமையில 7,000க்கு மேல யூதர்கள் மீன்பிடி வள்ளத்தில சுவீடனுக்குக் கடந்திற்றாங்க. இது பெரிய கதை, கனபேருக்குத் தெரியும். எனக்குப் பிடிச்சது சின்ன விசயங்கள். பிஸ்பெப்யர்க் எண்ட ஆஸ்பத்திரியில யூதர்களை நோயாளி மாதிரி வார்ட்டில படுக்க வைச்சு ஒளிச்சிருக்கிறாங்க. வள்ளத்தில குழந்தையள் அழுதாப் பிடிபடும் எண்டு டொக்டர்மார் நித்திரை மருந்து ஊசி போட்டு அனுப்பியிருக்கிறாங்க. அளவு கூடினாக் குழந்தை முழிக்காது, குறைஞ்சா நடுக்கடலில அழும், தராசும் இல்லாம இருட்டில நிண்டு அதை முடிவெடுக்கிறது எண்டா எனக்கு இப்பவும் கை நடுங்குது.

கீலர் ஆக்கள் இதில முழுமூச்சா இறங்கினவங்க. அக்கா எல்செபெத்தும் ஒரு கூட்டாளியும் நாட்டுப்புறத்தில பெரிய காணிக்காரர் வீடு வீடாப் போய் வள்ளத்துக்குக் காசு சேர்த்திருக்கினம். ஹெனி சின்டிங் எண்ட 22 வயசுப் பெட்டையின்ட அப்பா வெளிச்சவீட்டுத் திணைக்கள அதிகாரி, அந்தத் திணைக்களத்துக்கு ‘கெர்டா 3’ எண்டு ஒரு படகு இருந்தது, அதின்ட வேலை கடலுக்குள்ள இருந்த வெளிச்சவீட்டுக்குச் சாமான் கொண்டு போறது. இந்தப் பெட்டை இரவில யூதர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் துறைமுகப் பண்டகசாலையில ஒளிச்சு வைக்கும், விடியக்காலம அவங்க பத்துப் பதினஞ்சு பேராப் படகின்ட அடித்தட்டுக்குள்ள இறங்குவாங்க, படகு வழமை மாதிரி ‘வெளிச்சவீட்டுக்கு’ வெளிக்கிடும், போற வழியில சுவீடன் பக்கம் ஒருக்கா எட்டிப் பார்த்திற்று வரும். இப்பிடி 300 பேரளவில. ஜேர்மன் காவல்காரன் படகில ஏறிப் பார்க்கிறதும் நடக்கும், மாலுமிமார் சிரிச்சுக் கதைச்சு அனுப்பிப்போடுவாங்களாம்.

இதுக்குப் பிறகு தான் கீலர் குண்டைத் தொட்டது. இந்த ஒழுங்கைக் கவனிக்க வேணும், யூடியூப் வீடியோக்காரர் இதை மாத்திப்போடுறாங்க. முதல்ல ரோணியோ, பிறகு வள்ளம், கடைசியாத் தான் வெடிமருந்து. அதுவும் வீட்டுக்குள்ளயே வாக்குவாதம். எல்செபெத் அகிம்சை நம்பிக்கை உள்ளவ, ஆக்களைக் காப்பாத்த எதையும் செய்வன் ஆனா இதுக்கு வரமாட்டன் எண்ட நிலைப்பாடு. ஒரே குசினி, ஒரே மேசை, ஒரு ஆள் அடுத்த வள்ளத்துக்குக் காசு எண்ணுது, ஒரு ஆள் வெடிமருந்து எப்பிடிக் கட்டுறது எண்டு படிக்குது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக் குடுக்கேல்ல எண்டது தான் எனக்குப் பெரிய விசயமாப் படுது, எங்கட வீடுகளில இப்பிடிப் பிரிஞ்சு நிண்ட சகோதரங்கள் பிறகு செத்த வீட்டுக்கும் வரேல்ல.

இவங்கட குழுவுக்குப் பேர் ஹோல்கர் டான்ஸ்க. குரொன்போர்க் கோட்டைக்குக் கீழ நித்திரை கொண்டிருக்கிற பழங்கதை வீரன்ட பேர், டென்மார்க்குக்கு ஆபத்து வந்தா எழும்பி வருவான் எண்டு ஐதீகம். முதல் செட் ஆக்கள் 1943 ஒகஸ்டில கொப்பன்ஹேகன் ஃபோரம் மண்டபத்தை உடைச்சவங்க, ஜேர்மன் படைக்குத் தங்குமிடமா மாத்திக்கொண்டிருந்த கட்டடம். பியர்ப் பெட்டிக்குள்ள வெடிமருந்தை வைச்சு சைக்கிளில பட்டப்பகலில கொண்டு போனது, வேலையாக்களுக்குக் குடிக்க வருதாக்கும் எண்டு ஆரும் பார்க்கேல்ல. பிறகு அந்தக் குழு சிதறிப்போக, கீலர் ஆக்கள் ரெண்டாவது செட்டா வந்து சேர்ந்தாங்க. வெடிமருந்தில கனக்க இங்கிலாந்தின்ட எஸ்ஓஈ எண்ட இரகசிய அமைப்பு பரசூட்டில போட்டது. அதே எஸ்ஓஈயின்ட கிழக்காசியப் பிரிவு, ‘ஃபோர்ஸ் 136’ எண்டது, யுத்தம் முடியிற காலத்தில இலங்கையில இருந்து தான் மலாயாவுக்கு ஆள் அனுப்பினது. அம்மப்பா டொக்யார்ட்டில ‘கேள்வி கேக்கக் கூடாத வெள்ளைக்காரர்’ எண்டு சிலரைச் சொல்லுவார், அது இவங்கள் தானோ வேற ஆரோ, ஆனா எனக்கு அப்பிடி நினைக்க ஆசை.

1943 டிசம்பரில தான் பெரியண்ணா கேள்விப்பட்ட வார்டே உருக்கு ஆலை. தொழிற்சாலை எண்டா ஏன் எண்டு கேக்கலாம். ஜேர்மன்காரனுக்கு டென்மார்க்கில இருந்து சாப்பாட்டுச் சாமானும் போச்சுது, யுத்தத்துக்கு வேண்டிய உலோகச் சாமானும் போச்சுது. ஒரு ஆலையை நிப்பாட்ட முழுக் கட்டடத்தையும் உடைக்கத் தேவையில்ல, மின்மாற்றி, பெரிய மோட்டர் மாதிரித் திருப்பி வாங்க மாசக்கணக்கா எடுக்கிற ஒண்டை உடைச்சாக் காணும். விமானத்தில வந்து குண்டு போட்டா சுற்றி இருக்கிற வீடும் போகும், சனமும் சாகும், உள்ளுக்குப் போய் வைச்சா அந்த மெசின் மட்டும் போகும். எங்க தொட்டா எது நிக்கும் எண்டு தெரிஞ்சு தொடுறது.

1944 பெப்ரவரியில தெற்கு ஜுட்லாண்டில ஓபென்ரோ எண்ட ஊரில நடந்த தாக்குதல் பிழைச்சுப் போச்சு. ஒரு கூட்டாளி அங்கயே செத்திற்றான், கீலருக்கு வெடி பட்டது, கெஸ்டாபோ எண்ட ஜேர்மன் இரகசியப் பொலிசு பிடிச்சிற்றுது. பிறகு வீட்டில மற்றாக்களும் ஒண்டொண்டாப் பிடிபட்டாங்க. கொப்பன்ஹேகன் சிறை, பிறகு எல்லையில ஃபுரொஸ்லெவ் முகாம், செப்டெம்பரில ஜேர்மனிக்குள்ள நொயன்காம வதைமுகாம், அங்க இருந்து போர்ட்டா வெஸ்ட்ஃபாலிகா. தம்பி பிளெமிங்கும் கூட.

போர்ட்டா எண்டது ஒரு ஆறு மலையைப் பிளந்து போற இடம், சுற்றுலாவுக்குப் போற மாதிரி வடிவான ஊர். அங்க ‘கைசர்ஹோஃப்’ எண்ட ஹோட்டலின்ட பெரிய மண்டபத்தைத் தான் சிறையா மாத்தினது. ஒருக்கா டான்ஸ் ஆடின மண்டபத்தில அடுக்குக் கட்டில் போட்டு மனுசரை அடுக்கி வைச்சது. பகலில யாக்கொப்ஸ்பெர்க் மலைக்குள்ள சுரங்கம் தோண்ட வேணும், மேல இருந்து குண்டு போட்டாலும் படாத மாதிரி உள்ளுக்குத் தொழிற்சாலை வைக்க. அவ்வளவு நாளும் தொழிற்சாலையை உடைச்ச ஆளை வைச்சுத் தொழிற்சாலைக்குக் குழி தோண்டுவிச்சிருக்கிறாங்க. 1945 மார்ச்சில சுவீடன் செஞ்சிலுவைக்காரரின்ட வெள்ளை பஸ் வந்தது. மேல பறக்கிற நேச நாட்டு விமானம் சுடாம இருக்க பஸ்ஸை முழுக்க வெள்ளை அடிச்சுச் செஞ்சிலுவை போட்டது, அதால தான் அந்தப் பேர். டென்மார்க், நோர்வேக் கைதிகளை முதல்ல அதில தான் ஏத்திக்கொண்டு போனது. கீலர் உயிரோட வந்திற்றார்.

வீடியோக்காரர் இங்கதான் முடிப்பாங்க. 40 நிமிச வீடியோவில 39 நிமிசம் குண்டு, கடைசி ஒரு நிமிசத்தில "பிறகு இவர் விஞ்ஞானியாகிக் கான்சர் ஆராய்ச்சி செய்தார்" எண்டு ஒரு வரி, பின்னணியில வயலின். எனக்கு உண்மையில கோவம் வந்தது. மனுசன் குண்டு வைச்சது ஒரு குளிர்காலம், சில மாசம். லப்பில இருந்தது வாழ்க்கை முழுக்க.

அந்த ஒரு வரியைத் தான் நான் தோண்டினது.

வந்த உடன முதல்ல செய்தது கான்சர் இல்ல, பட்டினி. 1952இல ஏழு டெனிஷ் மருத்துவர்மார் சேர்ந்து ஜேர்மன் வதைமுகாமில வந்த பட்டினி நோயைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டாங்க, நூற்றுக்கணக்கான பக்கம், அதில ஒரு பேர் யோர்கன் கீலர். தான் பட்ட பசியைத் தானே கேஸ் ஷீற்றா எழுதினது. பட்டினியில உடம்பு என்ன செய்யும் எண்டா, முதல்ல கொழுப்பு கரையும், பிறகு தசை. இரத்தத்தில புரதம் குறைய நீர் இழையத்துக்குள்ள கசிஞ்சு கால் வீங்கும், எலும்பும் தோலுமா இருக்கிற மனுசனுக்குக் கால் மட்டும் யானைக்கால் மாதிரி. குடல் மெலிஞ்சு வயித்தால போகும், சாப்பாடு குடுத்தாலும் உடம்பில ஒட்டாது. இதெல்லாம் பாடப் புத்தகத்தில இருக்கு, நான் படிச்சது. ஆனா அவங்க அதோட நிப்பாட்டேல்ல, வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்குது எண்டும் பார்த்திருக்கிறாங்க. எடை திரும்பி வந்திற்றுது, இரத்தம் நோர்மல், ஆனா ஆள் சரியில்ல. களைப்பு, நித்திரையில கத்துறது, மறதி, சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடுறது, சின்ன விசயத்துக்குக் கோவம். முகாமில எடை எவ்வளவு குறைஞ்சதோ அதுக்கு ஏத்த மாதிரிப் பிறகு வாற கோளாறும் கூட எண்டு எழுதியிருக்கிறாங்க. பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வாற மனக்கோளாறு) எண்ட சொல்லு அமெரிக்க மனநோய்ப் பட்டியலில ஏறினதே 1980இல தான், இது அதுக்கு 28 வருசம் முந்தி.

இதை வாசிக்கேக்க எனக்கு முன்னால மேசையில மாமாட லஞ்ச் ஷீற் கிடந்தது.

எங்கட மாமா, அம்மாட கடைசித் தம்பி, 2009க்குப் பிறகு ஒரு முகாமில இருந்து எங்கட வீட்டுக்கு வந்தவர். நல்ல மனுசன், சிரிப்பார், மான் வந்து வேலிப்பூவைத் தின்னா அதோட நிண்டு கதைப்பார் (திருகோணமலை தெரியாத ஆக்களுக்கு: ஓம், எங்கட டவுனில மான் ரோட்டில தான் திரியும்). ஒரே ஒரு பழக்கம். பாண் வாங்கினா அந்தக் கரைப்பக்கத் துண்டை ஆரையும் தொட விடமாட்டார். அதை வெட்டி எடுத்து லஞ்ச் ஷீற்றில நாலா மடிச்சுச் சுத்தி, சேர்ட் பொக்கற்றில வைப்பார். சாப்பிடமாட்டார். அடுத்த நாள் புதுப் பாண் வந்த பிறகு தான் பழசைக் கோழிக்குப் போடுவார். பதினஞ்சு வருசமா ஒரு நாள் தவறேல்ல. நாங்க சின்னனில அதைப் பார்த்துச் சிரிச்சிருக்கிறம், அம்மா முதுகில ஒண்டு போட்டா, பிறகு சிரிக்கிறேல்ல. ஆனா ஆரும் ஏன் எண்டு கேட்டதும் இல்ல.

கீலர் பிறகு கான்சருக்குப் போனார். டென்மார்க் புற்றுநோய்ச் சங்கத்தின்ட ஃபிபிகர் ஆய்வுகூடத்துக்குத் தலைவரா இருந்தவர். இந்த ஃபிபிகர் ஆர் எண்டா, டென்மார்க்காரன், 1926ஆம் ஆண்டு நொபெல் பரிசு. கரப்பானில இருந்து எலிக்குப் போற ஒரு புழுவால வயித்தில கான்சர் வருது எண்டு கண்டுபிடிச்சதுக்கு. பிறகு பார்த்தா அது பிழை! எலிக்குக் குடுத்த தீனியில விற்றமின் ஏ இல்லாததும் சேர்ந்து வந்த மாற்றம், கான்சர் எண்டே சொல்ல ஏலாது. பிழைச்ச மனுசன்ட பேரை லப்பில இருந்து எடுக்காம வைச்சிருக்கிறாங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு. எலிக்கு முறையாக் கான்சர் வருவிச்சு ஆராயலாம் எண்ட வழியை எல்லாரும் தேட வைச்சதும் அந்த மனுசன் தானே.

கீலர் ஆக்கள் அங்க செய்ததில நான் கொஞ்சமாவது விளங்கிக்கொண்டது சலப்பைக் கலங்கள் (மூத்திரப்பைச் செல்கள்) பற்றினது. மனுசன்ட சலப்பையின்ட உள்தோலில இருந்து கலத்தை எடுத்துப் போத்தலில வளர்க்கிறது. நல்ல கலம் எண்டா சில தரம் பிரிஞ்சு, பிறகு கிழடாகி நிண்டிரும். சிலது வழமையை விடக் கூடக் காலம் ஓடும். சிலது சாகவே மாட்டுது, பிரிஞ்சுகொண்டே இருக்கும், ஆனா பக்கத்து இழையத்துக்குள்ள போகாது. சிலது சாகாததும் போக, உள்ளுக்குப் பூந்து அழிக்கவும் செய்யும். 1984இல இதை மூண்டு படியாப் பிரிச்சு எழுதினாங்க. ‘சாகாமல் இருக்கிறது’ வேற, ‘கான்சர்’ வேற எண்டது அதில பெரிய விசயம். பூருதா இல்லயா எண்டு எப்பிடிப் பார்க்கிறது? அந்தக் காலத்து முறை ஒண்டு, கோழி முட்டைக் கருவின்ட இதயத்தில சின்னத் துண்டை எடுத்து, கலத்தை அதுக்குப் பக்கத்தில ஒட்ட வைச்சு, நாள்கணக்கா விட்டு, பிறகு மெல்லிசா வெட்டி நுணுக்குக்காட்டியில பார்க்கிறது. நல்ல கலம் வெளியில சுத்தி நிக்கும். கெட்டது இதயத்துக்குள்ள போயிருக்கும். (இந்த இடத்தில ஊடுருவல், நாசவேலை எண்டு ஒரு உவமை எழுதக் கை துடிக்குது. வேண்டாம். கலம் கலம் தான்.)

இந்த வேலையின்ட பொறுமையைச் சொல்லி விளங்கப்படுத்துறது கஷ்டம். ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்காத் தீனித் திரவம் மாத்த வேணும், ஞாயிறும் இல்ல, பொங்கலும் இல்ல. ஒரு பூஞ்சணம் விழுந்தா ஆறு மாச வேலை குப்பையில. நாங்க செய்யிறது சும்மா பக்றீரியா கல்ச்சர், அதுக்கே 2022இல 13 மணித்தியாலம் கரன்ட் வெட்டின நாளில இன்கியுபேற்றர் ஆறி, ஜெனரேற்றர் டீசலுக்கு ஆள் ஓடி, வந்து பார்த்தா பிளேற் எல்லாம் பழுது. நான் அண்டைக்கு லப் ஸ்ரூலில இருந்து அழுதனான், எந்த நோயாளியின்ட சலம் எண்டு கூடத் தெரியாத ஒரு பிளேற்றுக்கு. ஒரு மெசினை ஒரு நிமிசத்தில நிப்பாட்டத் தெரிஞ்ச மனுசன் முப்பது நாப்பது வருசம் போத்தலுக்குள்ள கலம் சாகாமப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கு. அந்தக் கை எப்பிடி இதுக்குப் பழகினது எண்டு யோசிச்சுப் பார்த்தன். பிறகு நினைச்சன், வெடிமருந்துக் கைக்கும் அவசரம் ஆகாது தானே, அவசரப்பட்டவன் அங்கயே செத்திருப்பான்.

இவர் மட்டும் இல்ல, பிரான்சில ஜாக் மொனோ, 1965இல நொபெல் எடுத்தவர், எதிர்ப்பு இயக்கத்தில இருந்த நேரம் இரகசியக் கடதாசியளை சோர்போனில தன்ட ஆய்வுகூடத்துக்கு வெளிய நிண்ட ஒட்டகச்சிவிங்கி எலும்புக்கூட்டின்ட கால் எலும்புக்குள்ள ஒளிச்சு வைச்சவர். ஆனா மொனோவை உலகத்துக்குத் தெரியும். கீலரை டென்மார்க்குக்கு வெளிய எத்தின பேருக்குத் தெரியும்?

2001இல, 80 தாண்டின பிறகு, கீலர் தன்ட கதையை எழுதினார். அதுக்கு வைச்ச தலைப்பைத் தமிழில சொன்னா ‘ஏன் அதைச் செய்தனீங்க?’ எண்டு வரும். வீரம், விடுதலை எண்டு ஒரு பேரும் வைக்கேல்ல, மற்றாக்கள் கேக்கிற கேள்வியையே தலைப்பா வைச்சிற்று இருந்து பதில் எழுதியிருக்கு மனுசன். 2017இல, 97 வயசில செத்தார்.

எங்கட பக்கம் இந்தக் கேள்வியை ஆரும் கேக்கிறேல்ல. கேட்டா ஆருக்காவது பிரச்சினை வரும், கேக்காட்டி எல்லாரும் செத்துப்போவாங்க. அம்மப்பாட்ட நான் கேட்டதெல்லாம் புட்டுப் பொட்டலம் என்னாச்சு எண்டு மட்டும் தான். (சாப்பிட்டிற்றாராம், ஓடி முடிஞ்ச பிறகு, ஒரு பாலத்துக்குக் கீழ இருந்து.)

போன வெள்ளி இரவு கரன்ட் இல்ல, நானும் மாமாவும் விறாந்தையில. எனக்கு வேற கதைக்க ஒண்டும் வரேல்ல, கீலர் கதையைச் சொன்னன். குண்டுக் கதையைக் கேட்டார், "ம்" எண்டார். வெள்ளை பஸ்ஸுக்கும் "ம்". பிறகு 1952 ஆய்வைச் சொன்னன், எடை குறைஞ்ச அளவுக்குத் தான் பிறகு வாற நித்திரைக் குழப்பமும் எண்டு எழுதியிருக்கிறாங்க மாமா, ஆக்களை நிறுத்துக் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறாங்க எண்டு.

மாமா கனநேரம் ஒண்டும் சொல்லேல்ல. மான் ஒண்டு வேலிக்கு அங்கால இருமிச்சு.

"எனக்குப் பதினெட்டு கிலோ" எண்டார். "வந்த அண்டைக்குச் சங்கக்கடைத் தராசில ஏறி நிண்டனான். அரிசி நிறுக்கிறது. கடைக்காரன் காசு வேண்டேல்ல."

பிறகு பொக்கற்றைத் தடவிப் பார்த்திற்று எழும்பிப் படுக்கப் போயிற்றார்.